மதிலுக்கு உள்ளும் புறமும்: வீட்டுச் சந்தைக் கொள்கை பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

மனிதன் குடியிருக்க வீடு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கொண்டோர் எவருமிலர். அவ்வீடு அவனுக்குக் கிடைக்கச் செய்வது யாருடைய கடமை என்னும் இடத்திலேயே வேறுபாடு எழுகிறது. கடந்த 40 ஆண்டுகளில் உலகின் ஆட்சியாளர் பலர் ஏற்றுக்கொண்ட விடை ஒன்று உண்டு. அரசு வீடு கட்டித் தரும் வேலையை விட்டுவிட வேண்டும். நிலமும் கடனும் கட்டுமானமும் தடையின்றிச் சந்தையில் புழங்க வழிசெய்ய வேண்டும். அவ்வாறு செய்தால் வீடுகள் பெருகும், விலை தணியும், ஏழைக்கும் ஒரு நாள் வீடு கிட்டும் என்பதே அவ்விடை. இதனை முழுமையாக எடுத்துரைத்த ஆவணம், உலக வங்கி 1993இல் வெளியிட்ட வீட்டுவசதிக் கொள்கை அறிக்கையாகும். சந்தைகள் இயங்க வழிசெய்தல் என்பதே அதன் தலைப்பின் பொருள்.

இவ்வறிக்கையை இறையியல் மாணவரும் ஆயரும் ஏன் ஆராய வேண்டும் என்னும் வினா எழலாம். அதன் சிந்தனை நம் நாட்டின் கொள்கைகளிலும் சட்டங்களிலும் கலந்துவிட்டது. அந்த அறிக்கையின் பெயரைக்கூடக் கேட்டிராத ஆயர், அதன் விளைவுகளைத் தம் சபையாரின் வீடுகளில் நாள்தோறும் சந்திக்கிறார். மேலும், நகரக் கொள்கைகளைப் பெருநகரத்தில் நின்று ஆராய்வதே வழக்கமாக இருந்துவருகிறது. நாளைய நகரமாகப் போவதோ இன்றைய மானாவாரிப் புஞ்சை. ஆகவே இவ்வறிக்கையைச் சென்னையில் நின்று மட்டும் வாசியாமல், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் நின்றும் வாசிக்க முற்படுகிறோம்.

1. கொள்கையின் வாதம்

எதிர்க்கருத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைப்பதே திறனாய்வின் அறம். வீட்டுவசதியைச் சமூக நலத்துறையின் சிறு பிரிவாகக் கருதலாகாது. நாட்டுப் பொருளாதாரத்தின் பெருந்துறைகளுள் ஒன்றாகக் கருத வேண்டும் என்று அறிக்கை தொடங்குகிறது. அரசுகள் கட்டிய வீடுகள் தேவையின் சிறு பங்கையே நிறைவுசெய்தன. மானியங்கள் ஏழையரைச் சேராமல் நடுத்தர வகுப்பாரைச் சேர்ந்தன. வாடகைக் கட்டுப்பாடும் மிகையான விதிகளும் வீடுகள் பெருகாமல் தடுத்தன என்று அது குறை காண்கிறது. இவற்றுக்கு மாற்றாக ஏழு கருவிகளை முன்வைக்கிறது. சொத்துரிமையை உறுதிசெய்தல், அடமானக் கடனை வளர்த்தல், மானியங்களைச் சீர்செய்தல் ஆகிய மூன்றும் வாங்குவோர் பக்கத்தவை. மனைகளுக்கு அடிப்படை வசதி அளித்தல், நிலம் பற்றிய விதிகளைச் சீரமைத்தல், கட்டுமானத் தொழிலில் போட்டியை வளர்த்தல் ஆகிய மூன்றும் வழங்குவோர் பக்கத்தவை. இவை அனைத்தையும் ஒருங்கே நடத்தும் நிறுவன அமைப்பு ஏழாவது.

இக்குறைகூறல்களில் உண்மை உண்டு. வாரிய வீடுகள் பலவற்றை மாதச் சம்பளம் பெறுவோரே பெற்றனர் என்பதை நாம் அறிவோம். பட்டா இல்லாதவனுக்கு வங்கிக் கடன் மறுக்கப்படுவதும், அவன் கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்பதும் நாம் காணாதவை அல்ல. 1988இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உறைவிடத் திட்டமும் அரசு வழிசெய்பவராக இருத்தல் வேண்டும் என்றே கூறியது. எனவே சந்தை என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனைச் சாத்தானுடைய செயலென்று கண்டிக்கும் எளிய பிரசங்கத்தால் பயன் விளையாது. சந்தையில் கத்தரிக்காய் விற்பவளும் நம் சபையின் உறுப்பினளே.

ஆயினும் இவ்வாதத்தின் அடித்தளத்தில் இரு பிழைகள் உள்ளன. முதலாவது, தேவையையும் வாங்கும் ஆற்றலையும் அது ஒன்றாகக் கொள்கிறது. சந்தையின் செவிக்குப் பணத்தோடு வரும் குரல் மட்டுமே கேட்கும். வீடற்றவனின் தேவை எவ்வளவு பெரிதாயினும், அவனிடம் பணம் இல்லையேல் அது சந்தைக் கணக்கில் சுழியமே. இரண்டாவது, நிலம் உற்பத்தி செய்யப்படும் பண்டமன்று. சோப்பின் விலை ஏறினால் சோப்புத் தொழிற்சாலைகள் பெருகும். நிலத்தின் விலை ஏறினால் நிலம் பெருகுவதில்லை. அதனைப் பிடித்துவைப்போரே பெருகுகின்றனர்.

இது வெறும் ஊகமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம் வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு 2012இல் மதிப்பிட்ட நகர வீட்டுப் பற்றாக்குறையோ ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சம். அப்பற்றாக்குறையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாயினரையும் சார்ந்தது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வீடுகளின் குறைவு மட்டுமே நோய் அன்று என்பது விளங்கும். வீடு இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. ஆள் இருக்கும் இடத்தில் வீடு இல்லை.

பிறநாட்டு அனுபவமும் இதனையே காட்டுகிறது. சிலி நாட்டில் இராணுவ ஆட்சி 1979இல் நகர எல்லைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நிலம் தாராளமாகக் கிடைத்தால் விலை இறங்கும் என எதிர்பார்த்தனர். சாந்தியாகோ நகரில் விலை ஏறியது. அதே ஆண்டுகளில் வசதியானோர் வாழும் பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு நகரின் ஓரங்களுக்கு அனுப்பப்பட்டன. அரசு 1985இல் தன் நகரக் கொள்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, சந்தைப் பொருளாதாரத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சிங்கப்பூரில் குடிமக்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அரசின் வீட்டு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் வாயிலாக நிலத்தைப் பெருமளவு அரசுடைமை ஆக்கியே அதனைச் சாதித்தனர். அந்நாட்டின் அரசியல் கட்டுப்பாடுகளை நாம் முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. ஆனால் சந்தையின் பெயரால் அந்நாட்டைப் புகழ்வோர், அதன் மக்கள் குடியிருப்பது சந்தை கட்டிய வீட்டில் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2. வாதம் சட்டமான விதம்

தமிழ்நாட்டில் இச்சிந்தனை ஒரே நாளில் நுழையவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றி, அடுத்த ஆண்டு அதற்கான சட்டமும் வந்தபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டுவது நோக்கமாயிருந்தது. 1977இல் உலக வங்கியின் உதவியுடன் சென்னையில் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வழியை மாற்றியது. செலவைத் திரும்பப் பெற இயலாத அடுக்கு வீடுகளுக்கு மாறாக, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் மனைகளும் வசதிகளும் அளிக்கப்பட்டன. குடிசைப் பகுதிகள் இருந்த இடத்திலேயே மேம்படுத்தப்பட்டன. இத்திட்டத்தால் பலருக்குக் காலூன்ற இடம் கிடைத்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், வீடு என்பது செலவை ஈடுசெய்ய வேண்டிய பண்டம் என்னும் எண்ணம் அப்போதே வேரூன்றியது.

அவ்வேரிலிருந்து எழுந்த கிளைகளை ஆண்டுவரிசையில் காணலாம். 1994ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிக் கொள்கை அரசினை வழிசெய்பவராக வரையறுத்தது. ஒருவர் நகரில் வைத்திருக்கத்தக்க காலி நிலத்துக்கு வரம்பு கட்டிய 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை இனி இருவரின் ஒப்பந்தப்படி. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம், குடிசைகள் நிற்கும் நிலத்தையே மூலதனமாகக் கொண்டு தனியார் நிறுவனங்களை ஈடுபடுத்துவதைத் தன் நான்கு வழிகளுள் ஒன்றாக வைத்தது. 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது.

இதே காலத்தில் சென்னையின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட குடியிருப்புகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். நகரின் நடுவிலுள்ள நிலம் விலைமதிப்புடையதாகும்போது, அங்கே ஏழை குடியிருப்பது வீணடிப்பு என்று சந்தைக் கணக்கு சொல்லும். அக்கணக்கின்படியே அவன் ஓரத்துக்குச் செல்கிறான். வேலையும் பள்ளியும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

3. கரிசல் நிலத்தில் நடப்பது

அருப்புக்கோட்டை 2011இல் ஏறத்தாழ 87,000 மக்கள் வாழ்ந்த நகராட்சி. நெசவும் நூற்பாலையும் வணிகமும் அதன் தொழில்கள். திருச்சுழி, குண்டாற்றங்கரையில் அமைந்த வட்டத் தலைநகர். இரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் என்று நாடறியும். சுற்றிலும் கரிசலும் செவலும். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை, அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. பருத்தி, மல்லி, மிளகாய், சிறுதானியம் ஆகியவை மானாவாரிப் பயிர்கள். கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிடில் ஊரில் பாதிப்பேர் சென்னைக்கும் திருப்பூருக்கும் வண்டி ஏறுவர். முன்னாளில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பெருநகரத்துக் குடிசைகளில் வாழ்வோரைப் பற்றிப் பேசும்போது, இத்தகைய வறண்ட ஊர்களின் மக்களைப் பற்றியும் பேசுகிறோம் என்பதை மறத்தல் கூடாது.

மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலை நான்குவழிச் சாலையான பின்னர், அதன் இருமருங்கிலும் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். புஞ்சைகளில் வண்ணம் பூசிய எல்லைக்கற்கள் முளைத்தன. முகப்பில் ஒரு வளைவு, செம்மண் பாதை, நகர் என்று முடியும் ஒரு பெயர்ப்பலகை. ஏக்கர்க் கணக்கில் வாங்கிய நிலம் சென்ட் கணக்கில் விற்கப்படுகிறது. மாதத் தவணை கட்டி வாங்குவோர் ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வளைகுடா நாடுகளில் உழைப்போர். இவர்களுள் பெரும்பாலோர் அங்கே குடியிருக்க வாங்கவில்லை. மகளின் திருமணத்துக்குப் பயன்படும் என்று வாங்கினர். அவர்களைக் குறைகூற நாம் துணியோம். முதுமைக்கும் நோய்க்கும் வேறு காப்பு இல்லாத நாட்டில் நிலமே வைப்புநிதி ஆகிறது. ஆனால் விளைவு யாது? உழவன் விற்றுவிட்டான்; வாங்கியவன் கட்டவில்லை; நிலத்தில் சீமைக்கருவேல் மண்டுகிறது. பயிரும் இல்லை, வீடும் இல்லை.

விற்றவனுக்கு விலையேனும் கிடைத்தது. அந்நிலத்தில் களையெடுத்தும் பருத்தி பறித்தும் கூலி பெற்றவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அறுவடை முடிந்த புஞ்சையில் ஆடு மேய்த்தவனின் உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. ஆகையால் அது விற்கப்பட்டதாகவும் எவரும் அறியவில்லை. அடுத்தாற்போல் ஊருக்குள் தன் மகனுக்கு இரண்டு சென்ட் மனை தேடும் கூலியாள், சாலையோர விலையே ஊர்விலையாகிவிட்டதைக் காண்கிறான்.

தமிழ்நாடெங்கும் இத்தகைய மனைப்பிரிவுகள் அனுமதியின்றிப் பெருகியதனால், 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடைவிதித்தது. 2017இல் அரசு வரன்முறை விதிகளை வகுத்தது. கட்டணம் செலுத்தியவர்களின் மனைகள் முறைப்படுத்தப்பட்டன. ஏமாந்து வாங்கியவர்களைக் காக்க இது தேவைப்பட்டது என்பர். ஆனால் விதியை மீறிய சந்தைக்கு மன்னிப்பு இவ்வளவு எளிதாய்க் கிடைத்ததையும், ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவனுக்குக் கிடைப்பது அகற்றும் அறிவிப்பே என்பதையும் நாம் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இருவரும் விதியை மீறியோரே. ஒருவன் மீறியது இலாபத்துக்காக. மற்றவன் மீறியது தலைசாய்க்க இடமின்றி.

இவ்வட்டாரத்தின் மேல் பெருமுதலீட்டின் பார்வையும் விழுந்துள்ளது. திருச்சுழிக்குத் தெற்கே கமுதியில் 2016இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. விருதுநகர் மாவட்டத்தின் இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பெரும் ஜவுளிப் பூங்காவுக்கு 2023இல் ஒப்பந்தம் ஆனது. தொழில் வருவதை வறண்ட நாட்டார் வெறுப்பதில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு ஓடியவர்கள் அவர்கள். நம் வினா வேறு: தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வரும்போது அவர்கள் எங்கே, என்ன வாடகையில் குடியிருப்பர்? திருப்பூரின் ஒற்றை அறை வரிசைவீடுகளை அறிந்த எவரும் இக்கேள்வியைப் பின்னுக்குத் தள்ளமாட்டார். வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய்வழி வரும் நீரை நம்பியிருக்கும் அருப்புக்கோட்டையில், மனைக்கு விலை குறிப்பது எளிது. அம்மனைக்கு நீர் கொண்டுவருவது அரிது.

4. தறிக்குழியும் அடுக்குமாடியும்

சந்தைக் கொள்கை வீட்டை ஒரு பண்டமாகவும் சேமிப்பாகவும் காண்கிறது என்றோம். அருப்புக்கோட்டை நெசவாளனின் வீட்டில் நுழைந்தால் இப்பார்வையின் குறுக்கம் புலப்படும். தரையில் வெட்டிய குழியில் கால் வைத்து, மிதிகட்டையை மிதித்து அவன் நெய்கிறான். மனைவி தார் சுற்றுகிறாள். பாவினை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த நீண்ட, நேரான தெரு தேவை. அவனுக்கு வீடு பட்டறை, தெரு தொழிற்கூடம், அண்டைவீட்டான் உதவியாள். இவை மூன்றும் சேர்ந்ததே அவனது முதல்.

அவனை மூன்றாவது மாடியிலுள்ள ஒரு குடியிருப்புக்கு மாற்றினால், சதுர அடியில் அவன் வீடு பெரிதாகலாம். கணக்கேட்டில் ஒரு குடிசை குறைந்ததாகவும் எழுதலாம். ஆனால் மாடித் தளத்தில் தறிக்குழி தோண்ட இயலாது. வீட்டைப் பெற்ற அன்றே அவன் தொழிலை இழந்தான். 1985-86இல் மத்திய அரசு நெசவாளர்க்கெனத் தொழிற்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, இவ்வுண்மையை அரசே ஒப்புக்கொண்டது எனலாம். விற்கும் விலையை மட்டும் நோக்கும் கொள்கைக்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை. ஏனெனில் தறிக்குழி உள்ள வீடு சந்தையில் விலை குறைந்த வீடு.

இவ்விடத்தில் பட்டாவைப் பற்றியும் ஒரு சொல். வீடு கட்ட மானியம் தரும் திட்டங்கள் இன்றும் பல உள்ளன. 2030க்குள் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்குடன் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இத்தொகை முந்தைய திட்டங்களினும் பெரிது, பாராட்டத்தக்கது. ஆனால் இத்தகைய திட்டங்களுள் பெரும்பாலானவை மனை உடையவனுக்கே வீடு தருகின்றன. மனையற்றவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். மனைவிலையைச் சந்தைக்கு விட்டுவிட்டு, சுவருக்கும் கூரைக்கும் மட்டும் மானியம் அளித்தால், அம்மானியத்தின் ஒரு பங்கு நில விற்பனையாளனின் பைக்கே போய்ச் சேரும்.

5. பணத்துக்குச் சாதி உண்டா?

சந்தைக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்களுள் நாம் மிகுந்த கவனத்துடன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கிராமத்தில் சாதி எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. நகரத்தில் பணம் அதை நிர்ணயிக்கிறது. பணத்துக்குச் சாதி இல்லை. ஆகவே சந்தை விடுதலை தருகிறது என்பது அவ்வாதம். இந்தியக் கிராமத்தை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாகச் சாடிய அண்ணல் அம்பேத்கரின் நினைவு நமக்குண்டு. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ சென்ற தலித் இளைஞன் ஓரளவு மூச்சுவிட்டான் என்பது உண்மை. கிராமத்தை ஏதேன் தோட்டமாக வருணிக்கும் இறையியல் அவனுக்குச் செய்யும் துரோகமாகும்.

ஆனால் மூச்சுவிட்ட அவன் வாடகை வீடு தேடிச் செல்லும்போது, வீட்டுக்காரர் ஊரையும் தெருவையும் விசாரிக்கிறார். முன்பணம் கையில் இருந்தும் வீடு காலியில்லை என்ற பதில் வருகிறது. மனைப்பிரிவுகளிலும் யார் அண்டைவீட்டார் என்பது விலையின் ஒரு பகுதியாகிறது. பணத்துக்குச் சாதி இல்லாதிருக்கலாம். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் உண்டு. ஆகவே சாதி தானே கரைந்துபோகும் என்று காத்திருத்தல் வீண். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தில் 100 வீடுகளை விகிதப்படி ஒதுக்கி, தலித்துகளும் பிறரும் அடுத்தடுத்து வாழ வழிசெய்தது சந்தையன்று, அரசே. அத்திட்டத்தின் நடைமுறையில் குறைகள் உண்டு. ஆயினும் அடுத்த வீடு யாருடையது என்பது பொதுநீதிக்குரிய கேள்வி என்று அது அறிவித்தது.

இவ்வட்டாரத்தின் வணிக வரலாறே மற்றொரு பாடத்தையும் தருகிறது. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் முதலான ஊர்களின் நாடார் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் தம் கொள்முதலிலும் விற்பனையிலும் மகமை என்றொரு பங்கை எடுத்துவைத்தனர். அப்பொதுநிதியிலிருந்து வண்டிகள் தங்கும் பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிகளும் தோன்றின. வணிகத்தையே உயிராகக் கொண்ட அம்மக்கள், இலாபம் முழுவதும் தனியாள் உடைமை அன்று என்று கருதினர். சந்தை தன்னைத் தானே கட்டுப்படுத்தாது. உறவின்முறை அதனைக் கட்டுப்படுத்தியது. இதன் குறை அவ்வுறவின் எல்லை சாதியோடு முடிந்தது என்பதே. மகமையின் மனத்தை வைத்துக்கொண்டு அதன் எல்லையை உடைப்பது எவ்வாறு என்பதே இன்றைய நீதியின் கேள்வி.

6. லேவியராகமம் 25: ஒரு கடினமான பகுதி

வீட்டையும் நிலத்தையும் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக நாபோத்திடம் செல்கிறோம். ஆகாப் முதலில் கேட்டது பறிப்பு அன்று, நல்ல விலை அல்லது மாற்று நிலம் (1 இராஜாக்கள் 21:2) என்பதை மட்டும் நினைவூட்டி, அதனினும் கடினமான ஒரு பகுதிக்கு வருவோம்.

யூபிலிச் சட்டம் நிலம் நிரந்தரமாக விற்கப்படலாகாது என்கிறது என்று பிரசங்கிக்கிறோம். அதே அதிகாரத்தின் 29, 30ஆம் வசனங்களை விட்டுவிடுகிறோம். மதில்சூழ்ந்த பட்டணத்து வீட்டை ஒருவன் விற்றால், ஓராண்டுக்குள் மீட்கலாம். மீட்காவிடில் அது வாங்கியவனுக்கே நிலையாக உரியது, யூபிலியிலும் திரும்பாது என்று அங்கே கூறப்படுகிறது. சந்தைக் கொள்கையினர் இதனைக் கண்டால் மகிழ்வர். நகர வீடு சந்தைக்கு உரியது என்று திருமறையே கூறுகிறதன்றோ?

நாம் இவ்வசனங்களுக்கு அஞ்சித் தப்பி ஓட வேண்டியதில்லை; தொடர்ந்து வாசித்தால் போதும். 31ஆம் வசனம், மதில் இல்லாத கிராமங்களின் வீடுகளை வயல்நிலத்தோடு சேர்த்து எண்ணுகிறது. அவை மீட்கப்படலாம், யூபிலியில் திரும்பும். காரணம் வெளிப்படை: கிராம வீடு பிழைப்பிலிருந்து பிரிக்க இயலாதது. அடுத்து 32, 33ஆம் வசனங்கள் ஒரு விதிவிலக்கைக் கூறுகின்றன. லேவியரின் வீடுகள் பட்டணத்தில் இருந்தபோதிலும் எக்காலத்திலும் மீட்கத்தக்கவை. ஏனெனில் வயல் அற்ற அவர்களுக்கு அவ்வீடே சுதந்தரம். இறுதியாக 34ஆம் வசனம், அவர்களின் பட்டணங்களைச் சூழ்ந்த வெளிநிலத்தை விற்கவே கூடாது என்கிறது.

ஆக, இச்சட்டம் சந்தையை முற்றிலும் விலக்கவில்லை. அதற்கு ஓர் எல்லை குறிக்கிறது. உபரியாக உள்ள வீடு விற்கப்படலாம். பிழைப்போடு பிணைந்த வீடும், வேறு சுதந்தரம் இல்லாதவனின் வீடும், அனைவர்க்கும் பொதுவான மேய்ச்சல் வெளியும் சந்தையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தறிக்குழி உள்ள வீடு இவற்றுள் எதில் அடங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அது பட்டணத்தில் இருக்கலாம்; ஆயினும் லேவியனின் வீட்டைப் போன்றது.

நம் காலத்துக் கொள்கையின் செயலை இப்போது இறையியல் மொழியில் கூறலாம்: அது மதிலை நகர்த்துகிறது. நேற்றுவரை வயலோடு எண்ணப்பட்ட நிலம், ஒரு மனைப்பிரிவு வரைபடத்தால் மதிலுக்கு உள்ளே வந்துவிடுகிறது. அதனோடு அதன் மீட்பும் முடிந்துபோகிறது. கண்மாயும் ஓடையும் மேய்ச்சல் புறம்போக்கும் நம் நாட்டின் வெளிநிலங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்காக, நீர்நிலைகள் உட்பட்ட அரசு நிலங்களை ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் விவாதமின்றி நிறைவேற்றியபோது, 34ஆம் வசனத்தை ஓதும் நாம் பேசியிருக்க வேண்டும். கண்மாயை இழந்த வறண்ட நாட்டு ஊருக்கு எந்த யூபிலியும் மழையைச் சேமித்துத் தராது.

நெகேமியா 5ஆம் அதிகாரமும் இதனோடு வாசிக்கத்தக்கது. எருசலேமின் அலங்கம் கட்டப்படும் வேளையிலேயே, கட்டுவோர் தம் வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்த முறையீடு எழுகிறது. நகரைக் கட்டும் பணி நல்லது என்பதனால் அம்முறையீட்டை நெகேமியா தள்ளிவைக்கவில்லை. பெரிய சபையைக் கூட்டினார். தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தோரில் அடங்குவதை மறைக்கவில்லை. வீடுகளைத் திரும்பக் கொடுக்கச் செய்தார். நகரம் முதலில், நீதி பின்னர் என்னும் வரிசையை அவர் ஏற்கவில்லை.

7. திருச்சபையின் நிலம்

பிறரைப் பற்றிப் பேசி முடிப்பது எளிது. நெகேமியாவின் வழியில் நம் இல்லத்தையும் நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் இவ்வறண்ட நாட்டில் மண்டபசாலை போன்ற இடங்களில் நிலையங்கள் அமைத்தது. ஆலயம், பள்ளி, ஆசிரியர் வீடுகள் என்று வளாகங்கள் தோன்றின. அந்நாளில் மிஷன் வளாகம் என்பது ஒடுக்கப்பட்டவன் அச்சமின்றித் தங்கக்கூடிய சிறு நிலத்துண்டாகவும் இருந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் அதன் பொருளைப் பலர் உணர்ந்தனர்.

ஊர்கள் வளர்ந்தன, ஊருக்கு வெளியே இருந்த வளாகங்கள் ஊரின் நடுவே வந்தன. இன்று பல திருமண்டலங்களில் ஆலய வளாகத்தின் சாலையோரப் பக்கம் கடைத்தொகுதியாகிறது; முன்பணமும் வாடகையும் சபையின் வருவாயாகின்றன. சபைக்கு வருவாய் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிலத்திலிருந்து கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த தொகையே அதன் சரியான பயன் என்று சொத்துக்குழு முடிவெடுக்கும்போது, உலக வங்கியின் அறிக்கையை வாசியாமலேயே நாம் அதன் சீடராகிவிடுகிறோம். சபை நிலத்தில் பல ஆண்டு வாழ்ந்த ஆலயப் பணியாளின் விதவையை வெளியேறச் சொல்லிவிட்டு, பிரசங்க பீடத்தில் ஏசாயா 5:8ஐ விளக்குதல் எவ்வாறு பொருந்தும்?

செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, ஒவ்வொரு திருமண்டலமும் தன் நிலங்களுள் எவை வெளிநிலம், அதாவது எவ்விலைக்கும் விற்கவோ வணிகத்துக்குக் கொடுக்கவோ கூடாதவை, என்று பேரவையில் அறிவித்தல் வேண்டும். இரண்டாவது, நகர நடுவிலுள்ள நிலத்தின் ஒரு பங்கிலேனும் கூலித் தொழிலாளர்க்கும் ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கும், சாதியும் சமயமும் கேளாமல், குறைந்த வாடகை வீடுகள் கட்டுதல் வேண்டும். மூன்றாவது, ஆயர்கள் தம் சபையாரின் ஞானஸ்நானப் பதிவேட்டை அறிந்திருப்பதுபோல, யார் நத்தத்தில் இருக்கிறார், யார் புறம்போக்கில் இருக்கிறார், யாருக்குப் பட்டா இல்லை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். ஜமாபந்தி நாளில் அவர்களுடன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லுதல் வேண்டும். நான்காவது, இறையியல் கல்லூரிகள் இதற்கு மாணவரை ஆயத்தப்படுத்துதல் வேண்டும். 1969இல் மதுரையில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களைச் சேரிகளிலும் கிராமங்களிலும் தங்கிக் கற்கச் செய்த மரபை உடையது. அம்மரபோடு சிட்டாவையும் அடங்கலையும் வரைபடத்தையும் வாசிக்கக் கற்பித்தலும் சேரட்டும். எபிரேயம் கற்கும் மாணவனுக்கு இது கடினமன்று.

இச்செயல்கள் நாட்டின் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்த்துவிடும் என்று நாம் எண்ணவில்லை. அதற்குப் பொதுக்கொள்கை மாற வேண்டும். நிலத்தைப் பதுக்கி வைப்பதற்கு வரம்பும், வாடகைக்குக் குடியிருப்போர்க்குப் பாதுகாப்பும், மனையற்றோர்க்கு மனையும் வேண்டும். அவற்றைக் கேட்கும் தகுதியைத் திருச்சபை தன் சொந்த நிலத்தில்தான் பெற முடியும். மதிலை எங்கே நிறுத்துவது என்பதை விலை தீர்மானிக்க விடலாமா, அன்றி அண்டைவீட்டானின் பிழைப்பு தீர்மானிக்க வேண்டுமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி. அடுத்த பேரவைக்குள் நம் சொத்துக்குழுக்கள் இதற்குத் தம் ஏடுகளில் விடை எழுதட்டும்.